அதிகாரியின் வயிற்றில் கேட்ட சத்தம் குறித்து

உரிமையாளர் அம்மாவுக்கு வணக்கம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நம் மழலையர் பள்ளியின் மேல் அறையில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி அம்மையார், ஜன்னலோரம், குழந்தைகளின் மஞ்சள் நாற்காலியில். பெரிய நாற்காலி கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட, மடியில் படிவங்களோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் தம்பி, கரும்பலகைக்குக் கீழே, மாதிரிக்கு என்று தாமே தூக்கிக்கொண்டு வந்த புது டெஸ்க்கின் மேல். டீச்சர், நடுவில், தரையில். குழந்தைகள் பதினோரு பேர், டீச்சரைச் சுற்றி, உட்கார்ந்தும் படுத்தும். ஒருவன் டெஸ்க்குக்கு அடியில். இரண்டு பேர் சளி என்று வரவில்லை. நான் கதவோரம், பதிவேட்டுடன். வேன் டிரைவர் பிற்பாடு வந்தார். அவர் உட்காரவில்லை. வந்த வேகத்துக்கு உட்காரவும் முடியாது.

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும்போது போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். "என் தம்பி ஒரு கதை சொல்லுவான், டீச்சர் ஒரு கதை சொல்லுவா. பார்த்ததைப் பார்த்தபடி நீங்க எழுதி அனுப்புங்க, முடிவை நான் சொல்றேன்" என்பது உங்கள் உத்தரவு. முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். மேல் அறை இப்போது இருக்கிறபடி டீச்சரிடமே இருப்பதா, அல்லது உங்கள் தம்பி சொல்கிறபடி இருபது டெஸ்க்கை வரிசையாகப் போட்டு எழுத்துப் பயிற்சி அறையாக்குவதா? டெஸ்க்குகள் திங்கட்கிழமை வந்து இறங்குவதாக ஏற்பாடு.

அன்று காலை அதிகாரி வருவதற்கு முன் டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கை முழுக்கப் பசை.

"சார், இந்த ரூம் போச்சுன்னா நானும் போயிடுவேன். வரிசையா உக்கார வெச்சு கோடு போடச் சொல்ல என்னால முடியாது. சண்டைக்குச் சொல்லல. நிஜமாவே எனக்கு அது வராது."

நான்கு வருடமாக அந்த அறையை அவர் எப்படி நடத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் இதைப் படித்துக் காட்டுவாள் என்பதால் அவளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடத்தைக் குழந்தைகளே கேள்வியாகக் கொண்டுவருவார்கள். கேள்வி வந்ததும் ஆளுக்கொரு காகிதம். விடை என்னவாக இருக்கும் என்று தோன்றுகிறதோ அதை வரைந்து, அறையின் குறுக்கே கட்டியிருக்கும் கயிற்றில் துணி கிளிப்பால் மாட்ட வேண்டும். அதற்குப் பெயர் யூகக் கயிறு. எல்லோருடைய காகிதமும் தொங்கும் வரை யாரும் விடையைச் சொல்லக் கூடாது, தெரிந்தாலும் கூடாது. அதன் பிறகுதான் சோதனை. தப்பான யூகத்தை யாரும் கழற்ற மாட்டார்கள். வரைந்தவரே இன்னொன்று வரைந்து பக்கத்தில் மாட்டும் வரை அது அங்கேயே தொங்கும்.

சோதனைக்கு ஒரு டேப்லெட், சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர், எண்ணெய் ஊற்றும் புனல் ஒன்று. புனலின் வாலில் ஒரு குட்டி மைக்கை ஒட்டி வைத்திருக்கிறார்கள். புனலை எதன் மேல் வைத்தாலும் அதன் சத்தம் சுவரில் கோடாக ஓடும். சத்தம் பெரிதானால் மலை, சிறிதானால் புல். குழந்தைகள் சுவரில் ஒட்டிய நீளக் காகிதத்தில் அந்தக் கோட்டின் மேலேயே கிரேயானால் வரைவார்கள். போன மாதம் மீன் தொட்டி, கதவு, தூங்கும் நண்பன் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தாயிற்று.

இனி நடந்தது.

அதிகாரிக்காகத் தயார் செய்திருந்த கேள்வி: "நிழலுக்கு கலர் உண்டா?" ஒரு வாரம் ஒத்திகை. கலர் கண்ணாடிக் காகிதம் வெட்டி ஒட்டிய அட்டை மீன்கள் பதினொன்று. டீச்சர் விளக்கை அணைத்தார். திரைச்சீலையை இழுத்தேன். "இப்ப யாரும் பேசாம சுவரைப் பாருங்க" என்றார் டீச்சர். நம் குழந்தைகள் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

அந்த அமைதியில் அது கேட்டது. தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருண்டு, மூலையில் முட்டி, யோசித்து, திரும்பி உருண்டது போல ஒரு சத்தம். ஜன்னலோரத்திலிருந்து.

"யாரு அது?" என்றாள் குண்டூசி. (நாலரை வயது. பட்டப்பெயர் வேன் டிரைவர் வைத்தது. காரணம் போகப் போகத் தெரியும்.)

அதிகாரி மடியிலிருந்த படிவத்தை அப்போதுதான் முதல் முறை பார்ப்பவர் போல இருட்டில் படித்தார்.

உங்கள் தம்பிக்கு நல்ல மனம் அம்மா. விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தார்.

"தண்ணி பைப்பு. பழைய கட்டடம்ல, அப்படித்தான் கத்தும்."

டெஸ்க்குக்கு அடியிலிருந்து பட்டாணி வெளியே வந்தான். வகுப்பிலேயே சின்னவன், குரல் மட்டும் பெரியது.

"டீச்சர்! டெஸ்க் மாமா விடையைச் சொல்லிட்டாரு!"

"சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு!" என்று பதினோரு விரல்களும் அவர் பக்கம் நீண்டன. டெஸ்க் மாமா என்பது உங்கள் தம்பிதான். போன வாரம் அவர் டேப்பால் அறையை அளந்துவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பெயர்.

"சொன்னா என்னவாம்?" என்றார் அவர்.

"வரைஞ்சு மாட்டணும்," என்றாள் குண்டூசி.

"நானா? பாப்பா, நான் யாரு தெரியுமா? இந்த ஸ்கூல் ஓனரோட தம்பி."

குண்டூசி திரும்பி, "டீச்சர், ஓனர் தம்பிக்கும் ஒரு பேப்பர் குடுங்க. கிரேயான் புதுசு வேணாம், ஒடைச்சிடுவாரு" என்றாள்.

டீச்சர் விளக்கைப் போட்டார். ஒரு வார ஒத்திகையும் பதினோரு மீனும் தரையில் கிடந்தன. அவர் அதிகாரியைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார். காகிதக் கட்டை எடுத்தார். அந்த நேரம் நானாக இருந்திருந்தால் மீனைத்தான் எடுத்திருப்பேன்.

எல்லோருக்கும் ஒரு காகிதம் என்றால் எல்லோருக்கும்தான். எனக்கும் வந்தது. பட்டாணி ஒரு சிங்கம் வரைந்தான், அது டீ குடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி ரயில். ஒருவன் அதிகாரியின் பைக்குள் தவளை. உங்கள் தம்பி டெஸ்க்கில் குனிந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, மூன்று வளைவும் இரண்டு குழாயும் உள்ள பைப் வரைந்தார். நன்றாகவே இருந்தது. நான் ஒரு மேகம் வரைந்து, இடி என்று சொல்லி மாட்டினேன். இத்தனை வருட வேலையில் நான் பொய் எழுதியதில்லை. வரைந்தது இதுவே முதல்.

அதிகாரி தம் காகிதத்தை மடித்து மாட்டினார். குண்டூசி நாற்காலி போட்டு ஏறி அதைப் பிரித்தாள்.

"இது என்ன வட்டம், ஆன்ட்டி?"

"தட்டு."

"தட்டு சத்தம் போடுமா?"

"காலியா இருந்தா போடும் கண்ணு," என்றார் அதிகாரி. அவர் முகம் காது வரை சிவந்திருந்தது. அதே நொடியில் கோலிக்குண்டு மறுபடி உருண்டது, இந்தத் தடவை படியில் இறங்குவது போல.

உங்கள் தம்பி டீச்சர் பக்கம் சாய்ந்து, "போதும்மா, விடு. வந்தவங்க மானத்தை வாங்காத," என்றார் மெதுவாக. மெதுவாக என்றால், அறைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"யூகம் மாட்டியாச்சு சார். அவங்க சரின்னு சொன்னா சோதிக்கலாம், வேணாம்னா மீனைக் காட்டலாம்," என்றார் டீச்சர். நான்கு வருட அறை அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி படிவத்தைத் தரையில் வைத்தார். "கேட்டது எல்லாருக்கும் கேட்டாச்சு. இனி மறைச்சு என்ன? கண்டுபிடிங்க."

முதல் சோதனை பைப். கழுவுதொட்டிக்குக் கீழே புனலை வைத்தார்கள். சுவரில் கோடு அசையவில்லை.

"பைப்பு இப்ப தூங்குது," என்றார் உங்கள் தம்பி.

"எழுப்பு," என்று பட்டாணி குழாயைத் திறந்தான். கோட்டில் புல் முளைத்தது. கோலிக்குண்டு இல்லை.

இரண்டாவது சோதனைக்கு யார் வயிறு என்று கேட்டபோது, உங்கள் தம்பி தாமாகச் சட்டையை நீவி முன்னால் வந்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் வீட்டில் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்த வயிறு அது. புனலை மேலே வைத்தார்கள், கீழே வைத்தார்கள், பக்கவாட்டில் நகர்த்தினார்கள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடியது.

பட்டாணி புனலை எடுத்துவிட்டு வருத்தத்தோடு அறிவித்தான்: "மாமா வயித்துல யாருமே இல்ல."

"வீடு காலி," என்றாள் குண்டூசி.

"அதெல்லாம் இருக்காங்க!" என்றார் உங்கள் தம்பி. யார் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது சோதனை அதிகாரி. புனலைத் தாமே வாங்கிச் சேலை மடிப்பின் மேல் வைத்துக்கொண்டார். ஐந்து எண்ணுவதற்குள் சுவரில் ஒரு மலை எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒட்டகம் போல இரட்டைத் திமில். குழந்தைகள் கூச்சலிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

இப்போது என் தவறை எழுதுகிறேன். அதிகாரி நுழையும்போது "வருக வருக" என்று ஒலிப்பதற்காக, அன்று காலை அந்த டேப்லெட்டைக் கீழே வராந்தாவில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தது நான். பிரிக்க மறந்ததும் நான். இதில் டீச்சருக்குப் பங்கில்லை. கோட்டில் புல் மட்டுமே முளைத்த பைப்பும், கோடே அசையாத உங்கள் தம்பியின் வயிறும் கீழேயும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அதிகாரியின் வயிறு மட்டும் பத்து மடங்காகிக் கட்டடத்தின் முன்புறம் முழுக்க உருண்டது.

ஜன்னல் வழியாக அது எங்களுக்குத் திரும்பி வந்தது. "சத்தம் கீழ போயிடுச்சு!" என்று குழந்தைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

உங்கள் தம்பி டெஸ்க்கைத் தட்டினார். "பாத்தீங்களா? கீழ! பைப்பு கீழதான் போகுது! நான் சொன்னேன்ல?"

கீழே, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நின்ற தாய்மார்களில் ஒருவர் வானத்தைப் பார்த்துக் குடையை விரித்தார். வேன் டிரைவர் பாய்ந்து வந்து பானெட்டைத் திறந்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்றார் டீச்சர். இதை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். அன்று சொன்னபோதுதான் அவர் முகத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்தேன்.

குண்டூசி யோசித்தாள். "ஆன்ட்டி, வயித்தைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்த முடிஞ்சிருந்தா எப்பவோ நிறுத்தியிருப்பேன் தங்கம்."

"அப்ப புனலை எடுங்க."

எடுத்தார். கீழே சத்தம் நின்றது. டிரைவர் பானெட்டை மூடினார். அதிகாரி புனலை மறுபடி வைத்தார். சத்தம் வந்தது. டிரைவர் திறந்தார். எடுத்தார், மூடினார். வைத்தார், திறந்தார். ஏழு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் பட்டாணி ஜன்னலில் நின்று, "டிரைவர் மாமா தொறக்குறாரு! டிரைவர் மாமா மூடுறாரு!" என்று அறிவித்தான். குண்டூசி அதைத் திறந்த வாய், மூடிய வாய் என்று படமாக வரைந்துகொண்டே வந்தாள். எட்டாவது தடவை டிரைவர் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்து நின்றார்.

"அண்ணே! வண்டி ஆஃப்ல இருக்கு. சாவி என் பையில இருக்கு. ஆனா எஞ்சின் ஓடுது!"

"அது ஆன்ட்டி வயிறு," என்றாள் குண்டூசி.

டிரைவர் அதிகாரியைப் பார்த்தார். புனலைப் பார்த்தார். சுவரிலிருந்த மலையைப் பார்த்தார். "பசி வந்தா பத்தும் பறக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். மாடியிலேருந்து கீழ வரைக்கும் பறக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார்.

நான் எழுந்து நின்று ஸ்பீக்கர் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். மஞ்சள் நாற்காலி தாங்காமல் அவரும் அதுவும் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்காலியில் ஒரு கால் உடைந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. அலுவலகத்திலிருந்து வண்டி சீக்கிரம் கிளம்பியதால் காலையில் சாப்பிடவில்லை என்று சொன்னதும், பதினோரு டிபன் டப்பாக்கள் திறந்தன. பிஸ்கட், ஆப்பிள் துண்டு, பாதி கடித்த வாழைப்பழம். ஆனால் புனலைக் கழற்ற விடவில்லை. அவர் ஒவ்வொரு வாய் சாப்பிடச் சாப்பிட, மலை குன்றாகி, குன்று புல்லாகி, கடைசியில் கோடு படுத்துவிட்டது. குழந்தைகள் ஆறடிக் காகிதத்தில் அதை முழுசாக வரைந்து முடித்தார்கள். "தூங்கிட்டாங்க," என்று பட்டாணி வாயில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினான்.

மீன்களை யாரும் கடைசி வரை பார்க்கவில்லை.

அதிகாரி படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நகலை இணைத்திருக்கிறேன். "குழந்தைகள் கேட்ட கேள்விகள்" என்ற கட்டத்தில் நாற்பத்தொன்று என்றும், "ஆசிரியர் அளித்த விடைகள்" என்ற கட்டத்தில் பூஜ்யம் என்றும் இருக்கிறது. அதைப் பார்த்து உங்கள் தம்பி, "பூஜ்யம்! கையெழுத்து போட்டே குடுத்துட்டாங்க, பாருங்க!" என்று குதித்தார். அடுத்த வரியைப் படித்த பிறகு உட்கார்ந்தார். அந்த வரி: "விசாரணை முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். அன்றும் சாப்பிடாமல் வரும்படி குழந்தைகள் கேட்டிருக்கிறார்கள்."

அதிகாரியின் கருத்து அவ்வளவுதான். அறை டீச்சரிடம் இருக்கட்டும் என்றோ டெஸ்க் போடு என்றோ அதில் இல்லை. ஆகவே புதன்கிழமை மாலை வரை டீச்சரின் நிலைமை காலையில் இருந்தபடியேதான். அவர் பெருக்கி முடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த மாதிரி டெஸ்க்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இன்று வியாழக்கிழமை. காலை எட்டரைக்கு உங்கள் தம்பி மனைவி ஆபீசுக்குப் போன் செய்தார். "அங்க ஏதாவது சண்டையா? மனுஷன் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம கிளம்பிட்டாரு. கேட்டா, 'சும்மா இரு, இன்னைக்கு வயித்துல ஆள் இருக்கணும்'ங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர் ஒன்பதுக்கே மேல் அறையில் புனலோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரைப் பிரித்தாயிற்றா என்று நான் இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன். ஒன்பதே காலுக்குச் சுவரில் எழுந்த மலை அதிகாரியுடையதைவிட ஒரு சாண் உயரம். குழந்தைகள் கைதட்டினார்கள். "மாமா வயித்துக்கு ஆள் வந்துட்டாங்க!" என்று பட்டாணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உங்கள் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் குண்டூசி விடவில்லை. "சாப்பாடு போயிட்டா ஆள் வருவாங்க" என்பது அவள் கட்சி. "அதெல்லாம் இல்ல, சாப்பிடுற நேரம் வந்தாத்தான் வருவாங்க, நேரந்தான் கணக்கு" என்பது உங்கள் தம்பி கட்சி. இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து அரை மணி நேரம் வாதாடினார்கள். டீச்சர் இரண்டு காகிதம் மட்டும் நீட்டினார். பத்து நாள் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கேட்டுக் கோடு போட்டால்தான் யார் சரி என்று தெரியும் எனத் தீர்மானம் ஆயிற்று.

பத்தரை மணிக்கு உங்கள் தம்பி என் மேஜைக்கு வந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்காவுக்கு எழுதுறீங்கல்ல? திங்கட்கிழமை டெஸ்க் வர வேணாம்னு நானே கடைக்குச் சொல்லிட்டேன்னு எழுதுங்க. மனசு மாறிட்டேன்னு எழுதிடாதீங்க. எனக்கு டெஸ்க் வேணும்தான். ஆனா நடுவுல ரூமை மாத்தினா, தோத்துட்டு ஓடுனேன்னு அந்தப் பொடிசு சொல்லும். பத்து நாள் போகட்டும்."

"பத்து நாளில் புதுக் கேள்வி வந்தால்?" என்று கேட்டேன்.

"வந்தா அதையும் முடிச்சிட்டுத்தான்," என்றார் எரிச்சலோடு. "பாதியில விடச் சொல்றீங்களா?"

இதை டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த பசை டப்பாவைக் கீழே வைத்தார். "பத்து நாளா? சார், இவங்க ஒரு கேள்வியை மூணு புதுக் கேள்வி இல்லாம முடிச்சதே இல்லையே," என்றார். பிறகு சிரித்தாரா அழுதாரா என்று உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை எழுதுவதில்லை.

நடந்தது இவ்வளவே. முடிவு உங்களுடையது. இணைப்பு: படிவத்தின் நகல் ஒன்று, டிரைவர் திறந்ததும் மூடியதுமாகக் குண்டூசி வரைந்த படம் ஒன்று. உங்கள் தம்பி தம் வயிற்று மலையையும் வைக்கச் சொல்கிறார். நான்காக மடித்தும் உறைக்குள் போகவில்லை. மலை மடியக் கூடாது என்கிறார். ஆகவே பெரிய உறை எடுத்து, இந்தக் கடிதத்தையும் அதிலேயே வைக்கிறேன்.

டிரைவர் கூரியர் கடைப் பக்கம்தான் போகிறார். வாசலில் இரண்டாவது ஹாரன் அடித்துவிட்டார். முகவரி எழுதியாயிற்று, பசை தடவியாயிற்று. ஓரத்தை அழுத்திப் பிடித்தபடியே அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஆபீஸ் எழுத்தர்